லினக்ஸ் அமைப்புக் கோளாறுகள்: எங்கே தொடங்கி எப்படித் தேடுவது

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணினி இன்று நெட்வொர்க் இல்லை என்கிறது. அல்லது கறுப்புத் திரையில் நாலு வரி எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. உடனே இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் கட்டளையை ஒட்டி, அது சரிவராமல் இன்னொன்றை ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழைய கோளாறோடு புதிதாக மூன்று சேர்ந்திருக்கும். நானும் இதைச் செய்தவன்தான். இப்போதெல்லாம் வேறு எதையும் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: கடைசியாக என்ன மாறியது?

லினக்ஸில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். கணினி முழுவதற்குமான அமைப்புகள் ஏறக்குறைய எல்லாமே /ஈடிசி என்ற அடைவுக்குள் வெறும் உரைக் கோப்புகளாக இருக்கின்றன. தனிப்பட்ட பயனரின் அமைப்புகள் அவருடைய ஹோம் அடைவில், புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளாக இருக்கின்றன. இரண்டையும் திறந்து படிக்கலாம், பழைய பிரதியோடு ஒப்பிடலாம், திருப்பி வைக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன்; டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். ஓரெழுத்துச் சுவிட்சுகளுக்குப் பதில் இரட்டை ஹைஃபனோடு வரும் முழுச்சொல் சுவிட்சுகளையே முடிந்தவரை தந்திருக்கிறேன். அடிக்க நேரம் கூடினாலும், என்ன செய்கிறோம் என்பது அந்தச் சொல்லிலேயே தெரியும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் போல சிஸ்டம்டி (கணினியை எழுப்பி, பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) பயன்படுத்தும் டிஸ்ட்ரோக்களுக்கு, அதாவது லினக்ஸ் வகைகளுக்குத்தான் இந்த வழிகாட்டி. ஆல்பைன், வாய்டு, டெவுவான் வைத்திருப்பவர்களுக்கு சர்வீஸ், ஜர்னல் லாக் போன்ற சிஸ்டம்டி சார்ந்த பகுதிகள் பொருந்தாது, மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: கை வைப்பதற்கு முன்

பிழைச் செய்தியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதோ பெர்மிஷன் எர்ரர் வந்தது" என்ற நினைவை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த எண் என்பதெல்லாம் செய்தியிலேயே இருக்கும்.

மாற்றப்போகும் ஒவ்வொரு கோப்புக்கும் முதலில் ஒரு பிரதி எடுங்கள். பெயரின் கடைசியில் தேதியைச் சேர்த்துவிட்டால் போதும். அடிக்கடி அமைப்புகளை மாற்றுபவர் என்றால் ஈடிசிகீப்பர் என்ற நிரலை நிறுவிக்கொள்ளலாம். அது /ஈடிசி அடைவு முழுவதையும், மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் களஞ்சியமாக்கி, பேக்கேஜ் நிறுவும்போதெல்லாம் தானே பதிந்து வைக்கும்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றினீர்கள், சோதித்தீர்கள், பலன் இல்லை. அப்படியானால் அதைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதைச் சொல்வது எளிது, நள்ளிரவில் கடைப்பிடிப்பதுதான் கடினம்.

படி 2: என்ன மாறியது என்று கணினியையே கேட்பது

"நான் ஒண்ணுமே பண்ணலை" என்று எல்லோருமே சொல்வோம். கணினி வேறு கதை சொல்லும். சூடோவோடு (கட்டளையை நிர்வாகி உரிமையில் ஓட்டும் முன்சொல்) 'ஃபைண்ட் /ஈடிசி -எம்டைம் -2' என்று அடித்தால் கடந்த 48 மணி நேரத்துக்குள் உள்ளடக்கம் மாறிய கோப்புகள் வரிசையாக வரும். டெபியன், உபுண்டுவில் /வார்/லாக்/ஏபிடி அடைவில் உள்ள ஹிஸ்டரி கோப்பைத் திறந்தால் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால், எந்தப் பேக்கேஜ் மேம்பட்டது என்று எல்லாம் இருக்கும். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி'. அங்கே பட்டியலில் உள்ள எண்ணைக் கொடுத்து, நடந்த மேம்பாட்டைத் திருப்பிப் போடச் சொல்லவும் முடியும்.

மேம்பாட்டின்போது நழுவிப்போகும் ஒன்று உண்டு. நீங்கள் கையால் மாற்றிய அமைப்புக் கோப்பு ஒன்றுக்கு, பேக்கேஜ் தன் பங்கிற்குப் புதிய பதிப்பைக் கொண்டுவரும். அப்போது டெபியன் குடும்பம் உங்களைக் கேட்கும். பழையதை வைத்துக்கொள்ளச் சொன்னால் புதியதை 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு பக்கத்தில் வைக்கும். ஃபெடோரா குடும்பம் கேட்காமலே 'ஆர்பிஎம்நியூ' என்ற வாலோடு வைத்துவிடும். ஆர்ச்சில் அது 'பேக்நியூ'. நிரல் புதிது, அமைப்புக் கோப்பு பழையது. அதில் உள்ள ஒரு வரியைப் புதிய நிரல் ஏற்காமல் எழ மறுக்கும். பெரிய மேம்பாட்டுக்குப் பிறகு ஏதாவது நின்றுபோனால் இந்த வால்கள் உள்ள கோப்புகளை முதலில் தேடுங்கள். கிடைத்தால், 'டிஃப்' கட்டளையால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 3: லாகைப் படிப்பது

'ஜர்னல்சிடிஎல் --பூட் --பிரையாரிட்டி=எர்'. கணினி தானே எழுதி வைக்கும் பதிவேடுதான் லாக்; அதில் இந்தத் தடவை கணினி எழுந்ததிலிருந்து பதிவான பிழைகளை மட்டும் இது காட்டும். '--பூட்=-1' என்றால் இதற்கு முந்தைய பூட். அது கிடைக்கவில்லை என்றால் உங்கள் கணினி லாகுகளை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கிறது என்று பொருள். வழக்கமான அமைப்பில், /வார்/லாக் அடைவுக்குள் 'ஜர்னல்' என்று ஓர் அடைவை உருவாக்கிவிட்டு மறுபடி பூட் செய்தால் அன்றிலிருந்து லாகுகள் வட்டில் தங்கும். வன்பொருள் சந்தேகம் என்றால் 'டிமெசேஜ்' என்று வாயால் சொல்லி 'டிமெஸ்ஜி' என்று அடிக்கப்படும் கட்டளை. லினக்ஸின் மையமான கர்னல் சொல்வதை அது காட்டும்.

சிவப்பு வரிகளைப் பார்த்து மிரள வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் மடிக்கணினிகூட ஒவ்வொரு பூட்டிலும் பயாஸ் தொடர்பாக நாலைந்து பிழைகளைக் கக்கும். அவை என்றைக்கும் இருந்தவை. ஆகவே கோளாறு இல்லாத பழைய பூட்டின் பிழைப் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் அருகருகே வையுங்கள். இன்று புதிதாக வந்திருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அந்தப் புதியவற்றிலும் கடைசியில் உள்ளதை விட்டுவிட்டு முதலில் உள்ளதைப் பிடியுங்கள். ஒன்று விழுந்ததால் மற்றவை வரிசையாக விழுந்திருக்கும்.

படி 4: வட்டில் இடம் இருக்கிறதா

இது அற்பமாகத் தெரியும், ஆனால் இனி வரும் எந்தச் சோதனைக்கும் முன் இதை முடித்துவிட வேண்டும். ரூட் பார்ட்டிஷன் (லினக்ஸ் குடியிருக்கும் முதன்மை வட்டுப் பகுதி) நிரம்பினால் வரும் அறிகுறிகள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாதவை: வரைகலை லாகின் திரும்பத் திரும்பக் கடவுச்சொல் கேட்கும், பேக்கேஜ் நிறுவல் பாதியில் நிற்கும், டேட்டாபேஸ் எழ மறுக்கும்.

'டிஎஃப் --ஹியூமன்-ரீடபிள்' அடித்துப் பாருங்கள். 100 சதவீதம் என்று எங்காவது தெரிந்தால் அங்கேதான் வேலை. இடம் இருக்கிறது, ஆனாலும் 'இடம் இல்லை' என்கிறதா? 'டிஎஃப் --ஐநோட்ஸ்' பாருங்கள். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்து, கோப்புகளைக் கணக்கு வைக்கும் ஐநோடுகளைத் தீர்த்திருக்கும். இன்னொரு குழப்பம்: ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனில் வழக்கமாக 5 சதவீத இடம் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் உங்களால் ஒரு வரிகூட எழுத முடியாத வட்டில் ரூட் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பவில்லை என்றால், அந்தக் கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர்தான் போயிருக்கிறது, இடம் போகவில்லை. அந்த சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் விடுபடும். ஜர்னல் லாகுகளே பெருத்திருந்தால் 'ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்' (கடைசி எம் மட்டும் பெரிய எழுத்து) பழையவற்றைக் கழித்துவிடும். /பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தால் அது பழைய கர்னல்களின் குவியல். 'ஏபிடி ஆட்டோரிமூவ்' பார்த்துக்கொள்ளும். அங்கே கையால் எதையும் அழிக்காதீர்கள்.

இடம் கிடைத்த பிறகு, பாதியில் நின்ற நிறுவலை முடிக்க டெபியன் குடும்பத்தில் 'டிபிகேஜி --கான்ஃபிகர் --பெண்டிங்', அதன்பின் 'ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'.

படி 5: கணினி எழவே மறுத்தால்

எந்தக் கர்னலில் எழுவது என்று தேர்ந்தெடுக்க வைக்கும் கிரப் மெனு வராவிட்டால், பூட் ஆகும்போது பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்ட், யூஈஎஃப்ஐ கணினிகளில் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் பழைய கர்னல் இருக்கும். அதில் எழுந்துவிட்டால் நிம்மதி: கோளாறு புதிய கர்னலில், அல்லது அதற்கென மீண்டும் கட்டப்பட வேண்டிய கிராபிக்ஸ் டிரைவர் போன்ற மாட்யூலில். திரை மட்டும் கறுப்பாக இருந்தால், மெனுவில் 'எடிட்' என்பதன் முதலெழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்த்து, எஃப்10 அழுத்திப் பாருங்கள். அதே வரியில் 'குவையட்', 'ஸ்பிளாஷ்' என்ற சொற்களை நீக்கினால் அழகுப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் செய்திகள் தெரியும். இங்கே செய்யும் மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், பயப்பட வேண்டாம்.

'எமர்ஜென்சி மோட்' என்று வந்து நின்றால் நான் முதலில் சந்தேகிப்பது /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பைத்தான். எந்த பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று கணினிக்குச் சொல்வது அது. ஒவ்வொரு வரியிலும் 6 புலங்கள்: பார்ட்டிஷன், இணைக்கும் இடம், கோப்பமைப்பு வகை, விருப்பங்கள், கடைசியில் இரண்டு எண்கள். பார்ட்டிஷன்கள் இதில் பெரும்பாலும் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண்ணால் குறிக்கப்படும். ஒரு பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் அந்த எண் மாறிவிடும். கோப்பில் பழைய எண்ணே இருக்கும். வெளிவட்டு ஒன்றை இதில் சேர்த்துவிட்டு அதைக் கழற்றி வைத்தாலும் இதே கதை. கணினி அந்த வட்டுக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு, வராததால் எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும்.

சரிசெய்யும் முறை இது. ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போங்கள். ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கலாம், ஆகவே 'மவுண்ட் --ஆப்ஷன்ஸ் ரிமவுண்ட்,ஆர்டபிள்யூ /' என்று அடித்து எழுதும் நிலைக்கு மாற்றுங்கள். 'எல்எஸ்பிஎல்கே --எஃப்எஸ்' இப்போதைய உண்மையான யூயூஐடிகளைக் காட்டும். நானோவில் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, பொருந்தாத வரியின் தொடக்கத்தில் # குறியிட்டு முடக்குங்கள், அல்லது எண்ணைத் திருத்துங்கள். பிறகு 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' அடித்தால் கோப்பில் உள்ள தவறுகளைச் சொல்லும். 'மவுண்ட் --ஆல்' பிழையில்லாமல் முடிந்தால் ரீபூட் செய்யலாம். எஃப்எஸ்டேப் கோப்பைத் தொட்ட எந்த நாளிலும், ரீபூட் செய்வதற்கு முன்பே இந்த இரண்டையும் ஓட்டிவிட்டால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது. கழற்றக்கூடிய வட்டுகளின் வரியில் விருப்பங்கள் புலத்தில் 'நோஃபெய்ல்' சேருங்கள். வட்டு இல்லாவிட்டாலும் கணினி எழுந்துவிடும்.

உபுண்டு போன்றவற்றில் ரூட் கணக்கு வழக்கமாகப் பூட்டியே இருக்கும் என்பதால் எமர்ஜென்சி மோட் உள்ளே விடாமல் போகலாம். அப்போது கிரப்பில் அதே 'லினக்ஸ்' வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' என்று சேர்த்து எழுப்பினால் நேராக ரூட் ஷெல் கிடைக்கும். கடவுச்சொல்லே கேட்கவில்லையே என்று திடுக்கிட்டால், ஆமாம், உங்கள் கணினி முன் உட்காரும் யாரும் இதைச் செய்யலாம். வட்டை என்கிரிப்ட் செய்யச் சொல்வது இதனால்தான்.

படி 6: ஒரு சர்வீஸ் மட்டும் ஓடவில்லை

'சிஸ்டம்சிடிஎல் --ஃபெய்ல்டு' விழுந்தவற்றைப் பட்டியலிடும். அதில் ஒன்றின் பெயரைக் கொடுத்து 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கேளுங்கள். அதில் வரும் எண்ணைக் கவனியுங்கள். 203 என்றால் இயக்க வேண்டிய நிரலை இயக்க முடியவில்லை: பாதை தவறு, அல்லது இயக்கும் அனுமதி இல்லை. 200 என்றால் வேலை அடைவு இல்லை. 217 என்றால் யாருடைய பெயரில் ஓட வேண்டுமோ அந்தப் பயனர் இல்லை. இந்த மூன்றும் நிரல் தொடங்குவதற்கு முன்பே நடப்பவை. ஆகவே நிரலின் சொந்த லாகைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எண் 1 போல வேறு ஏதாவது என்றால் நிரலே ஓடித் தன் அமைப்புக் கோப்பைப் படித்து முகம் சுளித்திருக்கிறது. பல நிரல்களுக்குச் சொந்தச் சோதனை உண்டு. எஸ்எஸ்எச்டி (தொலைவிலிருந்து லாகின் செய்ய விடும் சர்வீஸ்), என்ஜின்எக்ஸ் (இணையதள சர்வர்) இரண்டுக்குமே ஒற்றை ஹைஃபனோடு 'டெஸ்ட்' என்பதன் முதலெழுத்தைக் கொடுத்தால் அமைப்புக் கோப்பைச் சரிபார்த்துத் தவறான வரி எண்ணைச் சொல்லும். சர்வீஸை மறுதொடக்கம் செய்வதற்கு முன் இதை ஓட்டுவது நல்ல பழக்கம், அதுவும் தொலைவில் உள்ள சர்வரில்.

எழுதியது சரியாக இருந்தும் மாற்றம் பலிக்கவில்லை என்றால், அதே அமைப்பை வேறு ஒரு கோப்பும் சொல்கிறதா என்று பாருங்கள். இப்போது பல நிரல்கள் ஒரு முதன்மைக் கோப்போடு, '.டி' என்று முடியும் ஓர் அடைவிலுள்ள துண்டுக் கோப்புகளையும் படிக்கின்றன. எது வெல்லும் என்பதில் ஒற்றுமை கிடையாது. எஸ்எஸ்எச்டியில் முதலில் படிக்கப்பட்ட மதிப்பு வெல்லும். சிஸ்சிடிஎல் என்ற கர்னல் அமைப்புகளிலோ கடைசியில் படிக்கப்பட்டது வெல்லும். எஸ்எஸ்எச்டியின் கோப்பு முடிவில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, ஏன் எடுபடவில்லை என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

சர்வீஸ் கோப்பையே மாற்ற வேண்டுமானால் /யூஎஸ்ஆர் அடைவில் உள்ள மூலத்தைத் தொடாதீர்கள். அடுத்த மேம்பாடு அதை அழித்துவிடும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளை உங்கள் மாற்றத்தை மட்டும் /ஈடிசிக்குள் தனித் துண்டாக வைக்கும், 'ரிவர்ட்' கட்டளை அதை நீக்கும். ஒரு பொறி மட்டும்: நிரலை இயக்கும் கட்டளையைச் சொல்லும் 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியை (இதில் ஈ, எஸ் இரண்டும் பெரிய எழுத்து) மாற்றும்போது, முதலில் மதிப்பே இல்லாத வெற்று 'எக்ஸெக்ஸ்டார்ட்=' வரியை எழுதி, அடுத்த வரியில்தான் புதியதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன என்று சிஸ்டம்டி மறுத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்றும் உண்டு. விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த கோப்பின் ஒவ்வொரு வரி முடிவிலும் கூடுதலாக ஓர் எழுத்து இருக்கும். பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். 'கேட் --ஷோ-ஆல்' போட்டால் வரி முடிவில் ^ குறியோடு அது வெளியே வரும். 'டாஸ்2யூனிக்ஸ்' அதை நீக்கும்.

படி 7: நெட்வொர்க்

"நெட் வரலை" என்பது ஒரு கோளாறின் பெயரே கிடையாது. அது ஓர் ஏணி. கீழ்ப்படியிலிருந்து ஏறுங்கள், எந்தப் படியில் கால் இடறுகிறதோ அங்கே நில்லுங்கள்.

முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'. வைஃபை 'ஹார்ட் பிளாக்டு' என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டுப் பொத்தானோ விசையோ அணைத்திருக்கிறது. மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. 'சாஃப்ட் பிளாக்டு' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்'. இதில் வைஃபையே பட்டியலில் இல்லை என்றால் டிரைவர் அல்லது ஃபர்ம்வேர் இல்லை; கர்னல் லாகில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடினால் எந்தக் கோப்பைக் கேட்டுக் கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லும்.

அடுத்து 'ஐபி லிங்க்'. கேபிள் இணைப்பில் 'நோ-கேரியர்' என்று இருந்தால் கேபிளையோ மறுமுனையையோ பாருங்கள். அது சரி என்றால் 'ஐபி அட்ரஸ்'. முகவரியே இல்லை, அல்லது 169.254 என்று தொடங்குகிறது என்றால், ரவுட்டர் முகவரி தரவில்லை. 'ஐபி ரவுட்' காட்டுவதில் 'டிஃபால்ட்' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். வெளியுலகுக்கான வாசல் அதுதான். அந்த வரியில் உள்ள முகவரிக்குப் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறதா? போனால் அடுத்து 9.9.9.9 அல்லது 1.1.1.1 முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். அதுவும் போகிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றால் இணைப்பில் குறையே இல்லை. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் தான் படுத்திருக்கிறது.

டிஎன்எஸ் பகுதியில்தான் அதிகக் குழப்பம். எல்லோரும் /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து கையால் ஒரு எண்ணை எழுதுவார்கள். வேலை செய்யும், அடுத்த பூட்டில் காணாமல் போகும். பல டிஸ்ட்ரோக்களில் அது உண்மையான கோப்பே கிடையாது. சிஸ்டம்டி-ரிசால்வ்டு தானாக எழுதும் வேறொரு கோப்புக்கான இணைப்பு. அதற்குள் 127.0.0.53 என்ற முகவரி இருந்தால் அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். அது உங்கள் கணினிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ரிசால்வ்டுதான். உண்மையில் எந்த சர்வரைக் கேட்கிறது என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' சொல்லும். மாற்ற வேண்டுமானால் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்பில், அந்த இணைப்பின் கீழ் மாற்றுங்கள். விபிஎன் நிரல் ஒன்று சரியாக மூடாமல் நின்றுபோனால், தன் டிஎன்எஸ் முகவரியை அங்கேயே விட்டுவிட்டுப் போவதும் உண்டு.

ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். எப்போதோ சோதனைக்காக எழுதிய வரி அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். கணினியின் பெயரை மாற்றிவிட்டு இதில் மாற்ற மறந்தால், ஒவ்வொரு தடவை சூடோ அடிக்கும்போதும் 'ஹோஸ்ட்டைத் தெரியவில்லை' என்ற முணுமுணுப்பு வரும்.

உபுண்டு சர்வரில் நெட்வொர்க் அமைப்பைச் சொல்லும் நெட்பிளான் கோப்பை மாற்றுபவர்கள் 'நெட்பிளான் அப்ளை' அடிப்பதற்குப் பதில் 'நெட்பிளான் டிரை' அடியுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். அந்தக் கோப்பில் டேப் விசை கூடாது, இடைவெளிகள் மட்டுமே.

படி 8: சூடோவும் அனுமதிகளும்

ஒரு தடவை என்னையே ஒரு புதிய குழுவில் சேர்க்க 'யூசர்மாட் --குரூப்ஸ்' என்று அடித்தேன். எந்தப் பிழையும் வரவில்லை. லாகவுட் செய்து திரும்பி வந்தபோது சூடோ என்னைத் தெரியாது என்றது. '--அப்பெண்ட்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் அந்தக் கட்டளை, கொடுத்த குழுவில் மட்டும் வைத்துவிட்டு மற்ற எல்லாத் துணைக் குழுக்களிலிருந்தும் நீக்கிவிடும். சூடோ உரிமை தரும் குழுவும் அதில் போய்விட்டது. டெபியன், உபுண்டுவில் அதன் பெயர் சூடோ, ஃபெடோரா, ஆர்ச்சில் வீல். படி 5இல் சொன்ன ரூட் ஷெல்லுக்குப் போய், '--அப்பெண்ட் --குரூப்ஸ்' இரண்டையும் சேர்த்து அடித்துத்தான் மீண்டேன். புதிதாகச் சேர்ந்த குழு மறுபடி லாகின் செய்த பிறகே பலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாருக்கு சூடோ உரிமை என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பை 'விசூடோ' வழியாக மட்டும் திருத்துங்கள். தவறு இருந்தால் சேமிக்கும் முன் தடுக்கும். அதற்கான துண்டுக் கோப்புகளின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்திக்குப் பலரும் சொல்லும் மருந்து, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தந்துவிடும் 'சிஎச்மாட் 777'. வேண்டவே வேண்டாம். கோப்பின் அனுமதி சரியாக இருந்தும், அதற்கு மேலுள்ள ஏதோ ஓர் அடைவுக்குள் நுழைய அனுமதி இல்லாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம். 'நேம்ஐ --லாங்' என்ற கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுத்தால் ரூட்டிலிருந்து கோப்பு வரை ஒவ்வோர் அடைவின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். தடை எங்கே என்று பார்த்தவுடன் தெரியும். அதிகம் பேசப்படாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை. எல்லா அனுமதியும் சரியாக இருந்தும் மறுத்தால், தடுப்பது கூடுதல் பாதுகாப்பு அடுக்காக இருக்கலாம்: ஃபெடோரா குடும்பத்தில் எஸ்ஈலினக்ஸ், உபுண்டுவில் ஆப்ஆர்மர். ஹோம் அடைவிலிருந்து 'எம்வி' கட்டளையால் நகர்த்திய கோப்பு எஸ்ஈலினக்ஸின் பழைய முத்திரையோடுதான் வரும். 'ரிஸ்டோர்கான்' அதைச் சரியாக்கும்.

ரூட் அடைவு முழுவதற்கும் 777 கொடுத்தே விட்டீர்களா? எஸ்எஸ்எச் தன் சாவிகளை ஏற்காது, இன்னும் ஒவ்வொன்றாக அழத் தொடங்கும். தரவுகளை எடுத்துக்கொண்டு மறுபடி நிறுவுவதுதான் விரைவான வழி.

படி 9: சில்லறைக் கோளாறுகள்

கடிகாரம். நேரம் பல நாள் தள்ளியிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் எல்லா இணையதளமும் எச்சரிக்கும், பேக்கேஜ் பட்டியலும் இறங்காது. 'டைம்டேட்சிடிஎல்' பாருங்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, மாற்றி மாற்றிப் போகும்போது சில மணி நேரம் தள்ளிக் காட்டினால், விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. இரண்டில் ஒன்றை மற்றதற்கு ஒத்துப்போகச் சொல்ல வேண்டும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் லாகின் திரைக்கே திரும்பி வருகிறதா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி உரைத்திரைக்குப் போய், ஹோம் அடைவில் 'எக்ஸ்அத்தாரிட்டி' என்ற மறைகோப்பு ரூட்டின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். வரைகலை நிரலை சூடோவோடு ஓட்டியதன் எச்சம் அது. அது காரணமில்லை என்றால் புதிதாக ஒரு பயனரை உருவாக்கி லாகின் செய்யுங்கள். அவருக்கு எல்லாம் ஓடினால் கணினியில் குறை இல்லை, உங்கள் ஹோம் அடைவின் அமைப்புகளில்தான். தேடலைப் பாதியாகக் குறைக்கும் சோதனை இது.

எந்தக் கட்டளை அடித்தாலும் 'கிடைக்கவில்லை' என்றால் ஹோம் அடைவின் பாஷ்ஆர்சி மறைகோப்பில், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் 'பாத்' வரியைக் கெடுத்திருக்கிறீர்கள். '/யூஎஸ்ஆர்/பின்/நானோ' என்று முழுப் பாதையோடு அடித்தால் திறக்கும்.

படி 10: லைவ் யுஎஸ்பி

கிரப்பே வரவில்லை, ரூட் ஷெல்லும் கிடைக்கவில்லை என்றால் நிறுவும் யுஎஸ்பியிலிருந்து 'டிரை' முறையில் எழுப்புங்கள். 'எல்எஸ்பிஎல்கே --எஃப்எஸ்' மூலம் உங்கள் ரூட் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து /எம்என்டியில் இணையுங்கள். என்கிரிப்ட் செய்த வட்டு என்றால் அதற்கு முன் 'கிரிப்ட்செட்டப் ஓப்பன்'. முக்கியமான கோப்புகளை வேறு வட்டுக்கு இப்போதே பிரதி எடுத்துவிடுங்கள், அதன்பின் கை நடுங்காது. தனி /பூட், ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்கள் இருந்தால் அவற்றையும் அதனதன் இடத்தில் இணையுங்கள். பிறகு /டெவ், /ப்ராக், /சிஸ் மூன்றையும் 'மவுண்ட் --பைண்ட்' மூலம் /எம்என்டிக்குள் கொண்டுவந்து, 'சிஎச்ரூட் /எம்என்டி' அடியுங்கள்.

இப்போது யுஎஸ்பியிலிருந்து எழுந்திருந்தாலும் நீங்கள் நிற்பது உங்கள் பழைய கணினிக்குள். கடவுச்சொல்லை மாற்றலாம், பேக்கேஜை நீக்கலாம், எஃப்எஸ்டேப்பைத் திருத்தலாம், கிரப்பை மறுபடி நிறுவி உபுண்டுவில் 'அப்டேட்-கிரப்' ஓட்டலாம். முடிந்ததும் 'எக்ஸிட்', பிறகு 'யுமவுண்ட் --ரிகர்சிவ் /எம்என்டி'. அடைவு பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், அந்த டெர்மினலே /எம்என்டிக்குள் நின்றுகொண்டிருக்கும். வெளியே வந்து மறுபடி அடியுங்கள். ரீபூட் கொடுத்து, மறக்காமல் யுஎஸ்பியைப் பிடுங்கிவிடுங்கள்.